இன்னாத்துக்கு என்று கேட்டவள்

அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது. நாலரை வருஷத்துக்கு மேல் என் ஜீப்பில் ஏறி இறங்கியவளின் பெயர் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எண்ணூருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்த குப்பத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "தோ, இன்னாத்துக்கு வர்றா பாரு", "இன்னாத்துக்கு கைல சொல்லிடு" என்றுதான் பேசிக்கொள்வார்கள். எதைக் கண்டாலும் "இது இன்னாத்துக்கு?" என்று கேட்பாள். அதையே பேராக வைத்துவிட்டார்கள். அவளும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பாள்.

அப்போது அவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கலாம். எனக்கு நாற்பத்தைந்து. மீன் விற்கிறவள். கறுப்பாக, ஒல்லியாக, கழுத்து மட்டும் நல்ல உறுதியாக இருப்பாள். கூடை சுமந்த கழுத்து.

ஒரு ஆடி மாசம், கூழ் ஊற்றும் விழாவுக்குக் குப்பத்து வாலிபர்கள் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடையோடு போனவள் நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஸ்பீக்கர கடலப் பாத்து கட்டிகீறீங்களே, இன்னாத்துக்கு? மீனுக்கா பாட்டு போடப்போறீங்க?" என்றாள். மேலே இருந்தவன் கீழே இருந்தவனைப் பார்த்தான். கீழே இருந்தவன் மறுபடியும் ஏணியைக் கொண்டுவந்தான்.

கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் முதலில் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பாள். சரியான பதில் சொல்லிவிட்டால் "அப்டியா, சர்தான்" என்று போய்விடுவாள். நம்மிடம் பதில் இருக்காது. சங்கடமே அதுதான்.

நான் அந்த நாளில் வேலை போனவன். திருவொற்றியூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இருபது வருஷம் அச்சு அடித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அதை மூடினார்கள். விருப்ப ஓய்வு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். யாருடைய விருப்பம் என்று எழுதவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு, வீட்டுக்காரி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஏலத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் எடுத்தேன். ஏதோ ஆபீசில் காடு மேடெல்லாம் ஓடிக் களைத்த வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகை.

அந்த நாலு சக்கரத்தால்தான் எனக்குப் பிழைப்பு. காசிமேட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டு எண்ணூர் தாண்டிப் போனால் ஒரு இடத்தில் தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் குப்பம் வரைக்கும் மணல். மற்ற வேன்காரர்கள் தாரோடு நின்றுகொள்வார்கள். என் வண்டி மட்டும் மணலில் இறங்கும். ஐஸைக் கொடுத்துவிட்டு, மீன் கூடைகளையும் அவற்றின் சொந்தக்காரிகளையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் மார்க்கெட்டுக்கு வருவேன்.

சவாரிக்குக் குறைவில்லை. ஆனால் வண்டி டீசல் குடித்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, சாராயக்கடையில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தவன் மாதிரி குடித்தது. பார்க்காத மெக்கானிக் இல்லை. நாசில் மாற்றினார்கள், பம்பைக் கழற்றி மாட்டினார்கள், ஏர் ஃபில்டரை ஊதினார்கள். டாங்கில் பாச்சா உருண்டை போடச் சொன்னார் ஒருவர். போட்டேன். போகிற வழியெல்லாம் பீரோவைத் திறந்த வாசனைதான் வந்தது. டீசல் குழாயில் கட்டினால் மைலேஜ் கூடும் என்று பாரிமுனையில் ஒருவன் இரண்டு காந்தம் விற்றான். அதையும் வாங்கிக் கட்டினேன். காந்தத்தில் ஒட்டிய ஆணிகள்தான் கூடின. இரும்போடு இருபது வருஷம் பழகியவன் நான். என் புத்தி அப்படிப் போயிற்று.

இவள் முதல் தடவை ஏறியபோதே ஆரம்பித்துவிட்டாள். பின்னால் கூடையை வைக்க இடம் இல்லை. இரண்டு ஸ்டெப்னி டயர், இழுவைச் சங்கிலி, கடப்பாரை, பலகை, தண்ணீர் பீப்பாய், வண்டி வழுக்கக் கூடாது என்று ஆறு மணல் மூட்டை. கூரைமேல் ஒரு இரும்புக் கேரியர் வேறு.

"இது இன்னாத்துக்கு அண்ணாத்த, ரெண்டு டயரு?"

"அவசரத்துக்கு."

"ரெண்டு டயரும் ஒண்ணா பஞ்சர் ஆச்சா எப்பனா?"

"இல்ல."

"இந்த மூட்ட?"

"மணல்."

"மணல்ல போற வண்டிக்கு மணல் மூட்டயா? கடலுக்கு உப்பு எடுத்துகினு போற கதயா கீதே!"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வண்டி என்னுதா, உன்னுதா?" என்று கேட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் குப்பத்தில் போய் நின்றதும் நேராக என்னிடம் வந்து, தன் கூடையைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள். "இந்தா அண்ணாத்த, தார் ரோடு வரிக்கும் நடந்து வா." ரோஷத்தில் நடந்தேன். ஐஸ் தண்ணீர் காதோரமாக இறங்கிச் சட்டைக்குள் ஓடுகிறது. மணல் காலைப் பிடித்து வாங்குகிறது. பாதி வழியில் கழுத்து நடுங்க ஆரம்பித்தது. அவள் பக்கத்திலேயே கையை வீசிக்கொண்டு வந்தாள். "இப்ப சொல்லு. மேல ஒரு கல்லு வெக்கட்டா, அவசரத்துக்கு?"

அன்றைக்கே மணல் மூட்டைகளை இறக்கினேன். அடுத்த நாள் ஒரு ஸ்டெப்னி, சங்கிலி, பீப்பாய், கேரியர். ஒரு பலகையும் ஒரு மண்வெட்டியும் மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.

சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. தொழிற்சாலையில் நான் வைத்திருந்த சாமான் பெட்டி. வண்டிக்கு அதில் உள்ள ஒன்றுகூட உதவாது. அதை இறக்க எனக்கு மனசு வரவில்லை, அவள் கண்ணில் படாமல் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தேன். ஒரு மாசம் கழித்து நானாகவே அதை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலியாக இருந்த இடத்தை அவள் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் கூடையை அங்கே தள்ளி வைத்துக்கொண்டாள்.

அவளைக் கண்டு பயந்தவர்களும் உண்டு. அவள் புருஷன் மீன்பாடி வண்டி மிதித்துக்கொண்டிருந்தவன். நான் ஜீப் வாங்குவதற்கு முன்பே இறந்துபோனான். காரியத்தன்று வளையலை உடைக்க வந்தவர்களிடம் அவள் கையைக் கொடுக்கவில்லையாம். "இது அந்த ஆளு போட்டது இல்ல. எங்கம்மா தொட்டில்ல போட்டது. இத்த ஒடைக்கறது இன்னாத்துக்கு?" என்று கேட்டாளாம். அதற்காக மூன்று நாலு வீடுகளில் அவளோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார்கள். இதையெல்லாம் மற்ற பெண்கள் என்னிடம் சொன்னார்கள். அவள் கையில் பச்சைக் கண்ணாடி வளையல் எப்போதும் இருந்தது. எனக்குமே ஆரம்பத்தில் அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. இப்போது அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

அந்தப் புருஷன் சேதியிலிருந்துதான் டயர் விஷயம் வந்தது. மணலில் போக டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் புதையாது. நான் சோம்பலில் அந்தக் குறைந்த காற்றோடேயே தார் ரோட்டிலும் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். "வண்டில காத்து கம்மியா இருந்தா எங்கூட்டு ஆளுக்கு மூச்சு வாங்கும். பெடல மிதிக்க முடியாது. இதுக்கு மட்டும் மூச்சு வாங்காதா?" என்றாள். ஒரு கால் பம்பு வாங்கினேன். மணலில் இறங்கும்போது காற்றை இறக்கி, தாரில் ஏறும்போது மிதித்து ஏற்றினேன். பெண்களும் முறை வைத்து மிதித்தார்கள்.

இவ்வளவு செய்தும் டீசல் கொஞ்சம்தான் குறைந்தது. வண்டி வாங்கி எட்டு மாசம் ஆகியிருந்தது. என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. என் மச்சான் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்தான். வியாழக்கிழமை காக்கி உடுப்பே கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். ஜீப்பை உடைத்து எடைக்குப் போடக் கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக்காரரிடம் பேசியாயிற்று.

வாட்ச்மேன் வேலையில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குள் என்னவோ உடைந்துபோயிருந்தது. தொழிற்சாலை மூடிய நாளிலிருந்து யார் எதிரே வந்து "இன்னா பண்ணிகினு கீறே?" என்று கேட்டாலும் "வேல பூட்ச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜீப் வாங்கிய பிறகும் அதேதான். இந்த வண்டியாவது கைகொடுத்தால் ஒரு நாள் வேறு பதில் சொல்லலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் எடைக்குப் போவதாக இருந்தது.

சனிக்கிழமை காலை, மீன் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பெண்களிடம் சொன்னேன். "மறுபடியும் தலதான்" என்றாள் ஒருத்தி, தன் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு. இவள் மட்டும் கேட்டாள்.

"வாட்ச்மேன் வேல இன்னாத்துக்கு அண்ணாத்த?"

"டீசல் போட்டு கட்டுப்படி ஆவல."

"அப்டியா, சர்தான்" என்றாள். அது சரியான பதில் அல்லவா?

எண்ணூர் ரோட்டில் அன்று கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நின்றன. வேறு வழியாகப் போகலாம் என்று தடுப்புச் சுவர் இடைவெளியில் வண்டியை ஒடித்துத் திருப்பினேன். அந்தப் பக்கமும் அடைப்பு. ஓரமாக நிறுத்தினேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரி பலவீனம், அணைத்தால் மறுபடி பிடிக்காது என்ற பயம்.

"நிக்கற வண்டிக்கு இன்னாத்துக்கு சத்தம்?" என்றாள் இவள்.

இருந்த எரிச்சலில் சாவியைத் திருகி அணைத்தேன். பத்து நிமிஷத்தில் வழி கிடைத்தது. வண்டி பிடிக்கவில்லை. நான் அவளைப் பார்த்த பார்வையில் மற்றவர்கள் மளமளவென்று இறங்கிவிட்டார்கள். "வா, தள்ளு. உன்னாலதானே?" என்றேன்.

அவளும் இன்னும் மூன்று பேரும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தள்ளினார்கள். ஜீப் நகரவில்லை. கொஞ்சம் அசைந்து அங்கேயே நின்றது. ஹேண்ட் பிரேக் போடவில்லை, கியரும் நியூட்ரலில்தான் இருந்தது. இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

அவள் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். "நாலு பேரு தள்னா கட்டுமரமே கடலுக்கு போவுது. இத்த எதுவோ புடிச்சி இஸ்துகினு கீது அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு, கதவு வழியாக உள்ளே தலையை விட்டாள். கியர் தண்டுக்குப் பக்கத்தில் சாக்கை விலக்கினாள். "இது இன்னாத்துக்கு?"

சின்ன லீவர். நாலு சக்கரத்தையும் சேர்க்கிற லீவர் அது. அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு சுற்றி, சீட்டின் இரும்புக் காலோடு இழுத்துக் கட்டியிருந்தது. கயிறு தெரியாத அளவுக்கு அதன்மேல் குங்குமம்.

"கைய எடு!" என்று கத்திவிட்டேன். "திருஷ்டிக் கவுறு அது."

"நீ கட்னதா?"

"வாங்கும்போதே இருந்துச்சு."

"இன்னா கோயிலு கவுறு?"

"தெரியாது."

"குங்குமம் யாரு வெச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு வெச்சேன், அப்பறம் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெப்பேன்."

எனக்கே என் குரல் இறங்குவது தெரிந்தது. வண்டியைப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் அந்தக் கயிற்றைப் பார்த்தவர்கள்தான். சாமி விஷயம் என்று கை வைக்காமல் விட்டிருந்தார்கள். போதாததற்கு, நாலு சக்கரத்துக்கும் காசு கொடுத்து வாங்கிய வண்டியை இரண்டு சக்கரத்தில் ஓட்டுவானேன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவள் கிண்டல் பண்ணவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "யாரு கட்னான்னு தெரியாது. இன்னா வேண்டிகினு கட்னான்னு தெரியாது. அவன் வேண்டுதல நீ இன்னாத்துக்கு அண்ணாத்த சொமக்குற?"

எட்டு மாசமும் என்னிடம் பதில் இல்லாத கேள்விகளைக் கேட்டவள்தான். ஆனால் அன்று கேட்டது என் நெஞ்சில் எங்கேயோ போய்ப் பட்டது. பின்னால் நின்ற லாரியிலிருந்து டிரைவர் ஒருவர் இறங்கி வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர். எட்டிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, தார் ரோட்டுல நாலு சக்கரத்தையும் பூட்டிப் போட்டா ஓட்டுறீங்க? மணல்ல சக்கரம் வழுக்கிக்கும், சரியாப் போயிரும். தார்ல எப்படி வழுக்கும்? திருப்பத்துல முன்சக்கரம் ஒரு கணக்குல உருளும், பின்சக்கரம் ஒரு கணக்குல உருளும். ரெண்டும் ஒன்னையொன்னு புடிச்சு மல்லுக்கட்டுமுங்க. டீசல் பூராவும் அந்தச் சண்டைக்கே போயிரும்."

"அப்ப இந்தக் கவுறு?" என்று கேட்டேன்.

"லீவர் எகிறி வெளிய வந்துட்டிருந்திருக்கும். வராம இருக்க பழைய டிரைவர் கட்டி வெச்சிருக்கான். இதுல சாமி எங்கீங்க வந்துச்சு?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "நீயே அவுத்துடு அண்ணாத்த" என்றாள் இவள். குனிந்து, குங்குமம் கெட்டியாகிப்போன முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். விரலெல்லாம் சிவப்பு. லீவர் அசையவில்லை. இறுகிக் கிடந்தது. "கொஞ்சம் பின்னால தள்ளுங்க, தானா வரும்" என்றார் லாரிக்காரர். பெண்கள் முன்னால் போய்ப் பின்பக்கமாகத் தள்ளினார்கள். வண்டி ஒரு சாண் பின்னால் போயிருக்கும். அடியில் டங்கென்று ஒரு சத்தம். லீவர் என் கையோடு வந்துவிட்டது.

மறுபடி முன்னால் தள்ளினார்கள். இந்தத் தடவை ஜீப் அவர்கள் கையை விட்டு ஓடியது. ஒருத்தி முழங்கால் குத்திட்டு விழுந்து, எழுந்திருக்க மனசில்லாமல் அங்கேயே சிரித்தாள். என்ஜின் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் என் கையில் லேசாகத் திரும்பியது. எட்டு மாசமும் அதோடு மல்லுக்கட்டித் தோள் வலியோடு படுத்தவன் நான். மார்க்கெட் வரும்வரை பின்னால் கும்மாளம். "அண்ணாத்த, லீவருக்கு கூழ் ஊத்தலயா?" என்று ஒருத்தி. இவள் மட்டும் எட்டி எட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து மணலில் இறங்கும்போது மட்டும்தான் லீவரைப் போடுவேன். திரும்பத் தாரில் ஏறியதும் நான் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். "லீவரு!" என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பாள். அந்த ஜீப் அப்புறம் நாலு வருஷம் எங்களைச் சுமந்தது. என் பெரிய பெண்ணின் படிப்பு அதில்தான் முடிந்தது. பிறகு குப்பம் வரைக்கும் தார் ரோடு வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, பெண்கள் அதில் ஏறிப் போனார்கள். அது நல்லதுதான். அவளைக் கடைசியாக எந்த நாளில் பார்த்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நன்றி என்று வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் பக்கம் அதற்கு டீ வாங்கிக் கொடுப்பதுதான் வழக்கம். டீ வாங்கிக் கொடுத்தேன். அது போதாது என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கயிற்றை அவிழ்த்த மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஜீப்பில் டீசல் முள் வேலை செய்யாது. டாங்கில் மூங்கில் குச்சியை விட்டு, ஈரம் எதுவரை என்று பார்ப்பேன். வழக்கமாக, டீசல் போட்டு இரண்டு நாள் ஓட்டினால் குச்சியின் நுனிதான் நனைந்து வரும். அன்று சாயங்காலம் விட்டு எடுத்தேன். ஈரம் நுனியைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதே இடம். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சட்டையை மடித்து ஒரு பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பையோடு யார்டு வாசலில் போய் நின்றேன். காசிமேட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டு வருகிற வழி. ஐஸ் எடுக்க அன்று அவளும் என்னோடு வந்திருந்தாள். ரோட்டோரம் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் பையைப் பிரித்துப் பார்த்தார். உடுப்பு அப்படியே இருந்தது.

"இன்னாய்யா இது? ஊர்ல ஆளாளுக்கு வேல இல்லனு அலயறான். உனுக்கு வேல வேணாமா?"

இரண்டு வருஷமாக அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. எப்படிச் சொல்வது என்றே மறந்துவிட்டது போலிருந்தது.

"எனக்கு வேல கீது சார்" என்றேன்.

அவர் நம்பாமல் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜீப்பிலிருந்து ஹாரன் விடாமல் அலறியது. அவள்தான் எட்டி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாத்த, ஐஸு கரையுது!"

"தோ வந்துட்டேன்" என்று ஓடினேன்.